அன்று ஊரில் யாரும் இல்லை

பிப்ரவரி 18, செவ்வாய்

காரைத்தாங்கல். ஆரணியிலிருந்து வரும் டவுன் பஸ் ஏரிக்கரையோடு திரும்பிவிடுகிறது. அங்கிருந்து பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். எதிரில் வந்தவர்கள் எல்லாம் "யார் வீட்டுக்கு?" என்று கேட்டார்கள். எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னேன். கடைசியாகக் கேட்ட பெரியவர், நான் தனக்கோட்டியக்கா வீட்டுக்குள் நுழைகிறவரை நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

தனக்கோட்டியக்கா பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர். நாற்பது தாண்டியிருக்கும். கணவருக்கு பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. பழைய வேலையில் கூட இருந்த ஒருத்தி மூலமாக இந்த முன்னறை கிடைத்தது. நல்லவராகத்தான் தெரிகிறார். ஆனால் என்னை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வழியில் போகிறவர்களே கேட்கிற ஊரில், வீட்டுக்குள் ஆளைச் சேர்க்கிறவர் ஏன் கேட்கவில்லை?

போன வருடம் மானிடவியல் ஆய்வுப் படிப்புக்கான நேர்காணலில் என்னைத் திருப்பி அனுப்பினார்கள். தலைப்பு நன்றாக இருக்கிறது, ஆனால் நீங்கள் எந்த ஊரிலும் இருந்ததே இல்லையே என்றார் தாடி வைத்த பேராசிரியர். சந்தை ஆய்வு நிறுவனத்துக்காகத் தமிழ்நாடு முழுக்கக் கதவைத் தட்டி, என்ன சோப்பு போடுகிறீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டவளிடம் சொன்னார். கேட்பது வேறு, இருப்பது வேறு என்றார். சரி, வேலையை விட்டுவிட்டு இருக்க வந்துவிட்டேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் இந்த ஊரில், மொபெட்டில் பிளாஸ்டிக் சாமான் விற்க வந்த ஒருவரைப் பிள்ளை பிடிக்கிறவன் என்று அடித்தார்கள். ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். ஒரு வதந்தி எங்கே பிறக்கிறது, யார் யார் வழியாக நடக்கிறது, எந்த இடத்தில் உண்மையாகிவிடுகிறது என்பதுதான் என் ஆய்வு. மார்ச் முடிவதற்குள் முன்மொழிவை எழுதி அனுப்ப வேண்டும்.

ஊரில் இதைச் சொல்லவில்லை. உணவுப் பழக்கம் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். வழக்கு நடக்கிறது, பலர் ஜாமீனில் இருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால் யார் வாய் திறப்பார்கள்?

பிப்ரவரி 19, புதன்

குழாயில் தண்ணீர் விடியற்காலையில் மட்டும். குடம் பிடிக்கப் போனபோது பேச்சு நின்றது. நான் திரும்பி நடந்ததும் மறுபடி தொடங்கியது.

பிப்ரவரி 23, ஞாயிறு

கேழ்வரகுக் களி, மொச்சைக் குழம்பு, கருவாடு என்று தாள் தாளாக எழுதியாகிவிட்டது. நடுநடுவே மெல்ல அந்தச் சம்பவத்துக்குக் கொண்டுபோகிறேன். அங்கே வந்ததும் எல்லோரும் ஒரே இடத்தில் போய் நிற்கிறார்கள்.

டீக்கடைக்காரர் அன்றைக்கு ஆரணியில் பால் டிப்போவுக்குப் போயிருந்தாராம். அவர் மனைவியும் கூடவே. கோயில் பூசாரி ஆரணியில் கல்யாணத்தில். என்னை முதல் நாள் நின்று பார்த்த பெரியவருக்கு அன்றைக்கு ஆரணியில் கண் பரிசோதனை. நூறு நாள் வேலையில் ஆட்களைச் சேர்த்து அழைத்துப்போகும் பவுனம்மாவும் ஆரணிதான், வளையல் வாங்க. ஊரே ஆரணியில் இருந்தால் இங்கே அந்த மனிதரை அடித்தது யார்?

பொய் சொல்கிறார்கள் என்பதில் ஆச்சரியமில்லை. ஒரே மாதிரி சொல்கிறார்கள். எப்போது கூடிப் பேசி முடிவு செய்தார்கள்?

பிப்ரவரி 27, வியாழன்

தனக்கோட்டியக்காமேல் எனக்குச் சந்தேகம் வந்திருக்கிறது.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி. அதன் அடியில்தான் அது நடந்தது. வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு அந்த வழி குறுக்கு வழி. அக்கா ஒரு நாளும் அதில் போவதில்லை. கோயிலைச் சுற்றி, பால் சொசைட்டியைச் சுற்றி, முன்வாசல் வழியாகப் போகிறார். நேற்று மழை தூறியது. அரிசி மூட்டை நனைந்துவிடும் என்று அவசரமாகக் கிளம்பினார். அப்போதும் சுற்றித்தான் போனார்.

பவுனம்மாவிடம் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன். அவர் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த வெற்றிலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அவகிட்ட அத பத்தி கேக்காதம்மா" என்றார்.

அன்றைக்கு அந்த வதந்தியைக் கொண்டுவந்த வாட்ஸ்ஆப் குரல் பதிவில் இருந்தது ஒரு பெண் குரல் என்று செய்தித்தாளில் படித்திருக்கிறேன். யாருடையது என்று கடைசிவரை போலீஸ் கண்டுபிடிக்கவில்லை.

அக்கா செய்த பூண்டுக் குழம்பு நன்றாக இருந்தது. இரண்டாவது முறை போட்டுக்கொண்டேன்.

மார்ச் 4, செவ்வாய்

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் போனில் சிக்னல் கிடைக்கிறது. அம்மா சேலத்திலிருந்து பேசினாள். வேலையை விட்டுவிட்டு ஏதோ ஊரில் போய் மற்றவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று எழுதுகிறாயே, இதற்கு ஒரு படிப்பா என்று கேட்டாள். அவளிடமும் உணவுப் பழக்கம் என்றுதான் சொல்லியிருந்தேன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பிறகு மானிடவியல் துறையில் படிக்கிற ஒரு சீனியரைக் கூப்பிட்டேன். பேச்சோடு பேச்சாக, ஜோயலின் வழிகாட்டிக்கு வட மாவட்டங்களில் புதிய திட்டம் ஒன்று வந்திருக்கிறது, வதந்தியோ என்னவோ என்றாள்.

ஜோயல் போன வருடம் நேர்காணலுக்குக் காத்திருந்தபோது என் பக்கத்து நாற்காலியில் இருந்தவன். பிஸ்கட் நீட்டி, உங்கள் தலைப்பு என்ன என்று கேட்டான். நான் ஊர் பெயர் உட்பட எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவனுக்கு இடம் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. அவன் தன் தலைப்பைச் சொன்னானா என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். நினைவில்லை. சொல்லியிருக்கமாட்டான்.

மார்ச் 8, சனி

முன்மொழிவு நகரவில்லை. தலையில் பேன்.

மார்ச் 11, செவ்வாய்

வந்துவிட்டார்கள்.

காலை பஸ்ஸில் ஓர் ஆள் இறங்கினார். முப்பது வயது, இஸ்திரி போட்ட சட்டை, தோளில் பை. டீக்கடையில் உட்கார்ந்தார். நான் பன் வாங்குகிற சாக்கில் போய் நின்றேன். கடைக்காரரிடம் ரொம்ப மெதுவாக, மூன்று வருடத்துக்கு முன்னால் இங்கே ஒரு பிரச்சினை நடந்ததாமே, எந்த இடம் என்று கேட்டார். கடைக்காரர் தான் அன்றைக்கு ஆரணியில் இருந்ததாகச் சொன்னார். அந்த ஆள் தலையாட்டினார். பிறகு எழுந்து, கடைக்கு எதிரில் நின்று, போனில் தண்ணீர்த் தொட்டியை ஒரு படம் எடுத்தார்.

தொட்டி என்று அவருக்கு யார் சொன்னது? செய்தித்தாளில் அது வரவில்லை, எனக்கே பழைய வேலையில் கூட இருந்தவள் சொல்லித்தான் தெரியும். நான் சொல்லியிருக்கிறேன், ஒரே ஒருவனிடம்.

மார்ச் 12, புதன்

மறுபடி வந்தார். ஏரிக்கரையில் மடக்கினேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று நேராகவே கேட்டேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "சும்மா ஏரி பாக்க வந்தேன் மேடம்" என்றார். பேச்சில் கொஞ்சம் தெலுங்கு வாடை. பெயர் கேட்டேன், சொல்லவில்லை. அடுத்த பஸ் வரும்வரைகூட நிற்காமல் மெயின் ரோடு பக்கம் நடந்துவிட்டார்.

குற்றமில்லாதவர் ஏன் ஓட வேண்டும்?

ஊர்க்காரர்கள் என்னிடம் கொஞ்சம் பழகிவருகிற நேரம். இந்த ஆள் நடுவில் புகுந்து நேரடியாகக் கேட்டுக் கெடுத்தால் எல்லோரும் மறுபடி வாயை மூடிக்கொள்வார்கள். என் ஆய்வும் போய்விடும், இந்த வருடமும் போய்விடும்.

மார்ச் 14, வெள்ளி

ஏரிக் கால்வாயில் நூறு நாள் வேலை. பவுனம்மா கூட்டத்தோடு போய், கொஞ்ச நேரம் நானும் மண் சுமந்தேன். சாப்பாட்டு வேளையில் கருவேல நிழலில் உட்கார்ந்தோம்.

அந்த ஆளைப் பற்றி இவர்களுக்கு என்ன தெரியும் என்று அறிய வேண்டியிருந்தது. நான் எதையும் சொல்லவில்லை. கேட்டேன், அவ்வளவுதான். "புதுசா ஒருத்தர் வந்து பள்ளிக்கூடத்துப் பக்கமா போட்டோ எடுத்தாராமே, நீங்க யாராவது பாத்தீங்களா?" என்று கேட்டேன். யாரும் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்தையா என்று பவுனம்மா திருப்பிக் கேட்டார். அந்தப் பக்கம்தான், எனக்குச் சரியாகத் தெரியாது என்றேன். தொட்டி பள்ளிக்கூடத்துக்குப் பின்னால்தானே இருக்கிறது.

இரண்டு பெண்கள் சோற்றை மூடி வைத்துவிட்டு எழுந்து போனார்கள். அவர்கள் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள்.

சந்தை ஆய்வுப் பயிற்சியில் பதிலை உள்ளே வைத்துக் கேள்வி கேட்கக்கூடாது என்று முதல் நாளே சொல்லித்தருவார்கள். ஆனால் இது பேட்டி இல்லை, வெறும் பேச்சு.

மார்ச் 16, ஞாயிறு

உயிரோடு ஒரு வதந்தி!

காலையில் குழாயடியில் ஒரு பெண் என்னிடமே சொன்னாள். வெளியூர் ஆள் வந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் படம் பிடித்துக்கொண்டு போயிருக்கிறானாம். மதியம் டீக்கடையில் அது இரண்டு பேராகிவிட்டது. சாயங்காலம் பூசாரி வீட்டில் வெள்ளை வேன் வந்து சேர்ந்துகொண்டது. ஊர் விட்டு ஊர் வந்து மூன்று வருடத்துக்கு முந்தையதைத் தோண்டிக்கொண்டிருந்தேன். இப்போது கண்ணெதிரில் ஒன்று நடக்கிறது. எந்த ஆய்வாளருக்கு இப்படி வாய்க்கும்?

யார் யாருக்குச் சொன்னார்கள் என்று அம்புக்குறி போட்டு ஒரு படம் வரைந்தேன். எல்லா அம்பும் பின்னோக்கிப் போய்ப் பவுனம்மா கூட்டத்தில் நிற்கின்றன. அதற்கு முன்னால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன். பவுனம்மாவிடம் கேட்கலாம்தான். ஆனால் ஆய்வாளர் குறுக்கே போய் நின்றால் போக்கு மாறிவிடும். பொறுத்திருந்து பார்ப்பதே முறை.

மார்ச் 17, திங்கள்

அக்கா பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பியபோது முகமே சரியில்லை. பாதிப் பிள்ளைகள் வரவில்லை, வந்தவர்களையும் தாய்மார்கள் மதியத்துக்கு முன்பே அழைத்துப் போய்விட்டார்கள், வடித்த சோறு அப்படியே கிடக்கிறது என்றார். பிறகு, "நீ யாரையாவது எதனா கேட்டியா சுகிர்தா?" என்றார்.

வந்ததிலிருந்து அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. பொதுவாகச் சாப்பாடு பற்றித்தான் கேட்கிறேன் அக்கா என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இது நல்லதுக்கில்லை, தலைவரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்றார்.

இதை அடக்குவதில் இவருக்கு ஏன் இவ்வளவு அவசரம்? குறித்துக்கொண்டேன்.

மார்ச் 19, புதன்

அந்த ஆள் இன்றைக்கு வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை.

நான் முன்னறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடினேன். தொட்டிக்கு அடியில் இருபது முப்பது பேர். பெரும்பாலும் இளவட்டங்கள். பெண்களும் இருந்தார்கள். ஒருவன் மஞ்சள் பையைப் பிடுங்கி வீசினான். ஒருவன் அவர் போனை வைத்துக்கொண்டு பூட்டைத் திறக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். அவர் கையைக் கூப்பிக்கொண்டு ஏதோ சொன்னார். பதற்றத்தில் பேச்சு முழுக்கத் தெலுங்காகிவிட்டது. அது இன்னும் மோசமாயிற்று. யாரோ கன்னத்தில் அறைந்தார்கள்.

நான் ஓரமாக நின்றேன். எல்லோர் முகமும் தெரிகிற இடம்.

சமையற்கட்டிலிருந்து தனக்கோட்டியக்கா ஓடிவந்தார். கையில் ஈரம், இடுப்பில் சொருகிய புடவை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அந்த ஆளுக்கு முன்னால் நின்றுகொண்டார். மூன்று வருடத்துக்கு முன்னால் ஆனது போதாதா, இன்னும் எத்தனை பேர் ஜெயிலுக்குப் போக வேண்டும் என்று கேட்டார். ஒரு பையன், நீ இதுல தலையிடாத, அன்னிக்கும் நீதான் என்று ஏதோ சொல்ல வாயெடுத்தான். அப்போதுதான் அக்கா என்னைப் பார்த்தார்.

"சுகிர்தா, இவரு உன்கூட படிக்கறவருன்னு சொல்லு. சொல்லும்மா. உன்ன பாக்கதான் வந்தாருன்னு சொல்லு."

எல்லோரும் திரும்பினார்கள். எனக்கு வாய் வரவில்லை. பயம் ஒரு காரணம். அதோடு அந்த நேரத்தில் என் மண்டைக்குள் ஓடியதையும் எழுதிவிடுகிறேன். இவரை என் ஆள் என்று நான் ஊரறியச் சொல்லிவிட்டால், நாளைக்கு இந்த ஊர் ஜோயலுக்கும் சொந்தமாகிவிடும் என்று ஓடியது. கொஞ்ச நேரம்தான். அதற்குள் பின்னாலிருந்து இன்னோர் அடி விழுந்தது. அவர் முட்டிபோட்டுச் சரிந்தார். காதிலிருந்து ரத்தம்.

"என்கூடப் படிக்கிறவர்தான்" என்றேன். பல்கலைக்கழகத்திலிருந்து என்னைப் பார்க்க வந்தவர் என்றேன். இரண்டு முறை சொன்னேன். நம்பினார்கள். இத்தனை நாள் குழாயடியிலும் கால்வாயிலும் பழகியதன் பலன். பவுனம்மாதான் முதலில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு விலகிப் போனார். பிறகு ஒவ்வொருவராக. போனை ஒரு பையன் என் கையில் கொடுத்து, தெரியாம போச்சுக்கா என்றான்.

வீசிய பையை எடுத்தேன். ஒரு முழம் சாமந்தி, கற்பூரம், தீப்பெட்டி.

மார்ச் 20, வியாழன்

நேற்று எழுத முடியாமல் விட்டதை எழுதுகிறேன்.

அவர் பெயர் முனிரத்தினம். குப்பம் பக்கத்தில் ஒரு கிராமம். மூன்று வருடத்துக்கு முன்னால் இறந்துபோன வியாபாரி கங்காதரம், இவருடைய அண்ணன். எந்தப் பல்கலைக்கழகமும் இல்லை. லாரி ஷெட்டில் பெயின்டர்.

அக்கா வீட்டில் காதுக்குத் துணி கட்டிவிட்டு, சர்க்கரை போட்ட தண்ணீர் கொடுத்தோம். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அண்ணன் ஆஸ்பத்திரியில் சில நாள் நினைவோடு இருந்திருக்கிறார். தண்ணீர்த் தொட்டியடியில் எல்லோரும் அடித்துவிட்டு ஓடிய பிறகு, ஒரு பெண் வந்து தலையை மடியில் தூக்கி வைத்து வாயில் தண்ணீர் ஊற்றியதாகவும், ஆட்டோவில் ஏற்றுகிறவரை கையை விடவில்லை என்றும் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்ணைத் தேடிப் பார்த்துச் சொல்லிவிட்டு வா என்று அம்மா மூன்று வருடமாக நச்சரித்திருக்கிறாள். யார் என்ன செய்வார்களோ என்ற பயத்தில் இவர் நாள் கடத்தியிருக்கிறார். இப்போது அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. அதனால் கிளம்பி வந்திருக்கிறார். அப்படியே அந்த இடத்தில் ஒரு கற்பூரம் ஏற்றலாம் என்றும்.

யாரிடம் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை மேடம், கேட்டால் எல்லோரும் ஊரில் இல்லை என்கிறார்கள் என்றார்.

தனக்கோட்டியக்கா சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். புடவைத் தலைப்பைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார். பிறகு சொன்னார்.

"நான்தாம்பா அது. பாலுக்கு வெச்சிருந்த சொம்பு தண்ணிதான் ஊத்துனேன். ஆனா போலீஸ் வந்து கேட்டப்ப, நானும் ஆரணியிலதான் இருந்தேன்னு சொல்லிட்டேன். எவன் அடிச்சான்னு பாத்தேன். சொல்லல. இந்த ஊர்ல இருக்கணுமே."

சொல்லாமலிருந்தும் பயனில்லை. பெயர் கொடுத்தது அவர்தான் என்று ஊர் ஒரு வருடம் அவரோடு பேசவில்லையாம். கணவர் பெங்களூர் போனதும் அதனால்தான்.

முனிரத்தினம் எழுந்து அவர் காலைத் தொடப் போனார். அக்கா காலை இழுத்துக்கொண்டார். அழவில்லை. வேண்டாம்பா, எனக்கு அந்த யோக்கியதை இல்லை என்று மட்டும் சொன்னார்.

நான் அக்காவைத்தான் அந்தக் குரல் பதிவோடு சேர்த்து வைத்திருந்தேன்.

சாயங்காலம் டீக்கடைக்காரர் வண்டியில் முனிரத்தினத்தை ஆரணி வரை கொண்டுபோய் விட்டார். ஏறும்போது என் கையைப் பிடித்து, உயிரைக் காப்பாற்றினீர்கள் என்றார். கன்னத்தில் விழுந்த முதல் அடியிலேயே அவருக்குக் காது அடைத்துவிட்டிருக்கிறது. நான் சும்மா நின்றது அவருக்குத் தெரியாது.

மார்ச் 21, வெள்ளி

அக்கா அடுப்பைத் துடைத்துக்கொண்டே பேசினார். பவுனம்மா வந்து அழுதுவிட்டுப் போனாளாம். போட்டோ சங்கதியை முதலில் சொன்னது யார் என்று பவுனம்மா சொல்லிவிட்டாளாம்.

நான் கேள்விதான் கேட்டேன் அக்கா என்றேன்.

சரி என்றார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்: "என்ன பத்தி எழுதாத. நான் சொன்னத, அவுரு வந்தத, எதுவும் எழுதாத. இப்பதான் நாலு பேரு பேசறாங்க." எழுதமாட்டேன் என்றேன்.

நாளை கிளம்புகிறேன்.

மார்ச் 29, சனி

சேலம். பழைய நிகழ்ச்சியை மட்டும் வைத்து எழுதிப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. எல்லோரும் ஆரணியில் இருந்தார்கள் என்பதைத் தவிர என்னிடம் எதுவும் இல்லை.

இரண்டாவது வதந்தியைச் சேர்த்தால் எழுந்து நிற்கிறது.

மார்ச் 31, திங்கள்

ஊர் பெயரை மாற்றிவிட்டேன். அக்காவைச் சமையல்காரி என்று குறிப்பிடாமல் 'ஒரு பெண்' என்று எழுதியிருக்கிறேன். யாராலும் கண்டுபிடிக்க முடியாது. இது அவரை எழுதியதாக ஆகாது என்றுதான் நினைக்கிறேன். அனுப்பிவிட்டேன். அம்மா வாழைப்பூ வடை சுட்டாள்.

மே 14, புதன்

நேர்காணல் முடிந்தது. அதே தாடிப் பேராசிரியர். இந்த முறை முன்னால் குனிந்து உட்கார்ந்து கேட்டார். அம்புக்குறிப் படத்தை விரலால் தொட்டு, இதுபோல் ஒன்று கண்ணெதிரில் நடக்கும்போது பதிவு செய்யக் கிடைப்பது அபூர்வம் என்றார். கேள்விக்குறியில் விரல் நின்றது. இது எங்கே தொடங்கியது என்று கேட்டார்.

"தெரியல சார். வேலை செய்யற பெண்களுக்குள்ளேயே கிளம்பியிருக்கணும்."

தலையாட்டினார். எழுதிக்கொண்டார்.

வெளியே வராந்தாவில் ஜோயல். என்னை அடையாளம் தெரிந்துகொள்ளவே அவனுக்குக் கொஞ்ச நேரமாயிற்று. தூத்துக்குடியில் உப்பளத் தொழிலாளர்கள் பற்றிச் செய்கிறானாம். வழிகாட்டியின் திட்டம் வதந்தி பற்றியா என்று கேட்டேன். இல்லையே, வறட்சி என்றான். நீங்கள் என்ன தலைப்பு என்று கேட்டான். சொன்னேன். அட, நன்றாக இருக்கிறதே என்றான், முதன்முறை கேட்பவனைப் போல.

நடிக்கிறானா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

ஜூன் 9, திங்கள்

இடம் கிடைத்துவிட்டது. பட்டியலில் முதல் பெயர்.

ஜூலை 13, ஞாயிறு

முனிரத்தினம் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் திதி, அம்மா உங்கள் இரண்டு பேரையும் பார்க்க வேண்டும் என்கிறாள் என்று. ஏதேதோ காரணம் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் ஜோலார்பேட்டையில் தனக்கோட்டியக்காவைச் சந்தித்து, சேர்ந்து ரயிலேறினோம். வழியெல்லாம் மகள் மாசமாக இருப்பதைப் பற்றிப் பேசினார். முன்பைவிட இளைத்திருந்தார்.

ஓட்டு வீடு. கங்காதரத்தின் படத்துக்கு மாலை. அவர் முகத்தை அன்றுதான் பார்த்தேன். மீசையில்லாத, சிரித்த முகம். அம்மாவால் எழுந்திருக்க முடியவில்லை. அக்காவைக் கட்டிலில் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் மடியைக் கையால் தடவிக்கொண்டே இருந்தாள். அக்கா அன்றைக்கு அழுதார். பார்க்க முடியாமல் நான் வாசலுக்கு வந்துவிட்டேன்.

பிறகு என்னைக் கூப்பிட்டாள். என் சின்ன மகனைத் திருப்பிக் கொடுத்தவள் என்று தெலுங்கில் சொன்னதை முனிரத்தினம் சொல்லித் தெரிந்துகொண்டேன். இலையில் முதல் பணியாரத்தைத் தன் கையால் எனக்கு ஊட்டினாள். அக்கா எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு கிழவி ஒன்று கேட்டாள். என் பெரியவன் விஷயத்தில் அந்தப் பேச்சு எங்கேயோ செல்போனில் வந்தது என்றார்கள், சின்னவன் விஷயத்தில் எப்படிக் கிளம்பியது என்று. முனிரத்தினம் மொழிபெயர்த்துவிட்டு என்னைத்தான் பார்த்தார். படித்தவள் என்பதால்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "யாரோ எதையோ கேட்டாங்கம்மா, அது அப்படியே போயிடுச்சு" என்றார்.

திரும்பும்போது ரயிலில் கூட்டம். கதவோரம் நின்றுகொண்டு வந்தோம். குப்பம் தாண்டியதும், படிக்கச் சீட்டு கிடைத்துவிட்டதா என்று அக்கா கேட்டார். கிடைத்துவிட்டது அக்கா என்றேன். எதை எழுதிக் கிடைத்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்கவேண்டிய தேவை அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. என் தோளில் இருந்த பையின் வார் நழுவியதைச் சரி செய்துவிட்டார்.

"நல்லா படி. பெரிய ஆளா வா. ஆனா இனிமே எங்க ஊருக்கு வராத சுகிர்தா. எனக்காகன்னு கூட வராத."

ஜோலார்பேட்டையில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் படியேறிப் போனார்.

ஜூலை 21, திங்கள்

பேராசிரியர் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். செப்டம்பரில் தானும் ஒரு முறை அந்த ஊருக்கு வந்து பார்க்க விரும்புவதாகவும், தங்க ஏற்பாடு செய்ய முடியுமா என்றும் கேட்டிருந்தார்.

அந்த ஊருக்கு நான் போகமுடியாது, வேறு ஊர் பார்க்க வேண்டும் என்று பதில் எழுதினேன். உடனே காரணம் கேட்டார்.

ஜூலை 23, புதன்

இரண்டு நாளாகக் காரணத்தை எழுதி எழுதி அழித்தேன். இன்று காலை எழுதி முடித்து, திரும்பப் படிக்காமல் அனுப்பினேன். அந்தப் படத்தில் கேள்விக்குறி இருந்த இடத்தில் என்ன போட வேண்டும் என்பதையும் எழுதினேன்.

ஜூலை 26, சனி

பதில் இல்லை. வகுப்பு தொடங்க இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. துணிகளைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன். பெட்டியை இன்னும் பரணிலிருந்து இறக்கவில்லை. துறையில் என்னைப் பற்றி யார் யாரிடம் என்ன பேசிக்கொள்கிறார்களோ.